தீவுப் பூச்சிகளும் எங்கள் பொட்டல்காடும்

மதுரையில் சுற்றுச்சுவர் உள்ள பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ இருந்தால், சுவரோரம் நெட்டிலிங்க மரம் வரிசைகட்டி நிற்கும். அதன் தளிரைத் தேடிக் கருப்பில் பச்சைப் புள்ளி தெளித்த ஒரு பட்டாம்பூச்சி வரும். டெய்ல்டு ஜே. தேன் குடிக்கும்போதுகூடச் சிறகை நிறுத்தாது என்பதால் செல்போனில் படம் எடுப்பவர்களுக்கு இதன்மேல் தனிக் கோபம் உண்டு. இதே பூச்சி அந்தமானிலும் சுமத்ராவிலும் சுலவேசியிலும் நியூ கினியிலும் சாலமன் தீவுகளிலும் பறக்கிறது. உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் வைத்த அகமெம்னான் என்ற பெயர்தான் எல்லா இடத்திலும். ஆனால் அதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு வரும். அது துணையினத்தின் பெயர்; ஒரே இனம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறியிருந்தால் அந்த வடிவத்துக்கு வைப்பது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதற்கு மெனிடீஸ்; சாலமனில் இருப்பதற்கு வேறு; சுலவேசியில் இருப்பதற்கு இன்னொன்று.

மெனிடீஸ் என்று 1904-இல் பெயர் வைத்தவர் ஹான்ஸ் ஃப்ருஸ்டார்ஃபர் என்ற ஜெர்மானியர். இலங்கை, ஜாவா, சுலவேசி என்று அலைந்து பூச்சி பிடித்தவர். பிடித்ததை விற்றுப் பிழைத்தவர். தீவுக்குத் தீவு, சில சமயம் மலைக்கு மலை, புதுப் பெயராக வைத்துத் தள்ளினார். புதுப் பெயர் இருந்தால் சரக்கு விலைபோகும் என்பது ஒரு வியாபாரிக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் வைத்தவற்றில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் அடித்துவிட்டார்கள். பல நின்றும்விட்டன. ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் வியாபாரியின் கண்ணுக்குச் சில வித்தியாசங்கள் பேராசிரியர்களுக்கு முந்தியே பட்டிருக்கின்றன.

ஒரே காட்டில் இரண்டு பூச்சிகள் பறந்து, தங்களுக்குள் இணை சேராமல் தனித்தனியாகவே பெருகினால் அவை இரண்டு இனம். இந்த விதியில் பெரிய தகராறு இல்லை. தீவில்தான் விதி படுத்துவிடும். நடுவில் நூறு மைல் கடல். இந்தக் கரையில் பச்சை, அந்தக் கரையில் நீலம். இரண்டும் சந்தித்தால் சேருமா சேராதா என்று பார்க்கவே வழியில்லை. அப்புறம் என்ன, பெட்டியில் குத்திவைத்ததை அருகருகே வைத்து ஒருவர் முடிவு சொல்ல வேண்டியதுதான். ஒருவர் இரண்டு இனம் என்பார். அடுத்தவர் இல்லை இல்லை, ஒரே இனத்தின் இரண்டு துணையினம் என்பார். பிழைப்புக்காக ஆளுக்கொரு ஊர் போய்விட்ட பங்காளிகள் இன்னும் பங்காளிகளா, இல்லை வேறு குடும்பமா என்று கேட்பது போலத்தான் இது.

இதற்கு ஆர்னிதோப்டெரா பிரையமஸ் என்ற பெரிய பேர்ட்விங் பட்டாம்பூச்சியைவிட நல்ல உதாரணம் கிடையாது. லின்னேயஸ் கைக்கு வந்தது அம்போன் தீவிலிருந்து. ஆண் பூச்சி கருப்பும் பச்சையும். சாலமன் தீவுகளுக்குப் போனால் பச்சை இருந்த இடத்தில் நீலம். பச்சான் தீவில், இன்றைய பெயரில் பாச்சான், பச்சையும் இல்லை நீலமும் இல்லை, நல்ல ஆரஞ்சு. அந்த ஆரஞ்சைப் பிடித்தவர் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். முதலில் ஒரு பெண் பூச்சி உயரத்தில் பறந்து கண்ணில் மட்டும் பட்டுவிட்டுப் போயிருக்கிறது. பிறகு முசாண்டாச் செடியின் பூவுக்கு இவை வருவதைக் கண்டுபிடித்தார். நம் ஊர் நர்சரியில் ரோஸ் கலரில் விற்கிறார்களே, அந்தச் செடியின் சாதிதான். ஆண் பூச்சி வலைக்குள் விழுந்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டு, ரத்தம் தலைக்கேறி, அன்று முழுக்கத் தலைவலியோடு கிடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1859-இல் குரோசஸ் என்று பெயர் வைத்தார். செல்வத்துக்குப் பேர்போன பழைய ராஜா ஒருவரின் பெயர். இன்றைக்கு குரோசஸைத் தனி இனம் என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஹல்மஹேராத் தீவில் இருப்பதைத் தனி இனமாக வேறொருவர் எழுதினார். அது இப்போது குரோசஸுக்குள் துணையினமாக அடங்கிவிட்டது. சாலமன் நீலம் மட்டும் பட்டியலுக்குப் பட்டியல் இடம் மாறுகிறது.

வாலஸ் 1854 முதல் 1862 வரை அந்தத் தீவுகளில் சுற்றி மொத்தம் 1,25,660 மாதிரிகள் சேர்த்தார். அதில் பட்டாம்பூச்சியும் அந்துப்பூச்சியுமாக 13,100. என்னை அசத்துவது அந்தக் கணக்கு அல்ல, அவற்றோடு இருந்த லேபிள். ஒவ்வொன்றும் எந்தத் தீவில் பிடித்தது என்று எழுதிவைத்தார். அமேசானில் இருந்த காலத்திலேயே, மியூசியங்களில் ஊர் பெயர் சரியாக இல்லாமல் விலங்குகள் கிடப்பதைப் பார்த்து அலுத்துக்கொண்டவர் அவர். டார்வின்கூட கலாபகோஸில் பிடித்த சிட்டுகளைத் தீவு வாரியாகக் குறித்துவைக்காமல் கப்பலேறி, பின்னால் மற்றவர்களின் குறிப்பைத் தேட வேண்டியதாயிற்று. வாலஸ் குறித்து வைத்ததால்தான் சுலவேசியின் விசித்திரம் அவர் கண்ணில் பட்டது. அந்தத் தீவின் அழகிக் குடும்பத்து (ஸ்வாலோடெயில்) பூச்சிகள் பெரும்பாலும் பக்கத்துத் தீவுச் சொந்தங்களைவிடப் பெரிதாகவும், முன்சிறகு வளைந்தும் இருக்கின்றன. ஒன்றிரண்டு இனத்தில் என்றால் தற்செயல் எனலாம். வெவ்வேறு இனங்கள் ஒரே தீவுக்குள் ஒரே மாதிரி வளைந்திருந்தால் அதைத் தற்செயல் என்று எப்படி விடுவது? நம் நெட்டிலிங்க மரத்துப் பூச்சிக்கும் அங்கே ஒரு பெரிய வடிவம் உண்டு. இதையெல்லாம் 1864-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். எது இனம், எது துணையினம், எது வெறும் உள்ளூர் வடிவம் என்று அதில் அவர் பிரித்துப் பேசியதை இன்றைக்கும் தூக்கிப்போட முடியாது.

சரி, ஒரு பூச்சியைப் புது இனம் என்று எழுதுவது எப்படி? கல்லூரியில் விலங்கியல் படிக்கும் தம்பி ஒருவர் என்னோடு மலைக்கு வருவார். வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடப்பதை மட்டும் எடுத்துப் பட்டர் பேப்பரில் மடித்து, இடமும் தேதியும் பென்சிலில் எழுதிப் பைக்குள் வைப்பார். ஒரு நாள் அவர்கள் ஆய்வகத்தில் ஸ்கிப்பர் என்ற சின்னப் பட்டாம்பூச்சி ஒன்றைக் காட்டினார். சோழவந்தான் வயல் பக்கம் கிடைத்தது. மங்கின பழுப்பு, சிறகில் நாலைந்து வெள்ளைப் புள்ளி. பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. வயிற்றின் நுனியை ஒடித்து, பத்து சதவீதக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் ஊறப்போட்டிருந்தார். சதை கரைந்துபோய், கெட்டியான பாகம் மட்டும் மிச்சம். கிளிசரின் சொட்டில் வைத்து ஊசியால் மெல்லப் பிரித்ததும் இரண்டு தகடுகள் எதிரெதிரே விரிந்தன. ஆண் பூச்சி, பெண்ணைப் பற்றிக்கொள்ளும் தகடு. அதன் விளிம்பு எப்படி வளைந்திருக்கிறது, எங்கே பல் இருக்கிறது என்பதில்தான் இனம் இருக்கிறது.

"சிறகை வச்சு நாலு பேரு சொல்லலாம்ணே. இதை வச்சா ஒரு பேருதான்" என்றார்.

அன்று அவர் காட்டியது போர்போ சின்னாரா. நெல் இலையைக் குழலாகச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் புழு இதனுடையது. இதற்கும் பெயர் வைத்தது வாலஸ்தான், 1866-இல். ஆதாரம் தைவான் தீவிலிருந்து, ராபர்ட் ஸ்வின்ஹோ என்ற பிரிட்டிஷ் கான்சல் தாக்கோ துறைமுகப் பக்கம் பிடித்து அனுப்பிய பூச்சிகள். சோழவந்தான் வயலில் தினமும் பறப்பதன் பிறப்புச் சான்றிதழ் தைவானில் இருக்கிறது!

பிறப்புச் சான்றிதழ் என்று நான் சொல்வது மூலமாதிரியை. புது இனத்தை எழுதுகிறவர் ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சிவப்பு லேபிள் போட்டு, பெயரை அதோடு கட்டிவிடுவார். நாளைக்குச் சண்டை வந்தால் எல்லோரும் அந்தப் பூச்சியிடம்தான் போக வேண்டும். லின்னேயஸ் காலத்தில் இந்த வழக்கம் கிடையாது. இப்போதைய விதிப்படி 2000-ஆம் ஆண்டிலிருந்து மூலமாதிரியைக் குறிப்பிடாமல், அது எந்தச் சேகரிப்பில் இருக்கப்போகிறது என்று சொல்லாமல் ஒரு இனப்பெயர் வைத்தால் அந்தப் பெயர் செல்லாது. மாதிரி எந்த லட்சணத்தில் இருந்தாலும் பரவாயில்லை. உலகத்திலேயே பெரிய பட்டாம்பூச்சியான அலெக்சாண்ட்ரா பேர்ட்விங்கின் முதல் மாதிரி, 1906-இல் நியூ கினியில் ஆல்பர்ட் மீக் துப்பாக்கியால் சுட்டு இறக்கிய பெண் பூச்சி. சிறகில் ஓட்டையோடு லண்டனுக்குப் போய், மறு வருடம் வால்டர் ராத்ஸ்சைல்டு அதற்குப் பெயர் வைத்தார். ஓட்டை இருந்தாலும் இடம் தெரிந்திருந்தது. அதுதான் முக்கியம்.

இதற்கு நேர்மாறான சரக்கு ஒன்று என் சித்தப்பா வீட்டு ஹாலில் தொங்குகிறது. மலேசியாவில் வேலை பார்த்தபோது ரொம்ப வருடம் முன்பு வாங்கிவந்த கண்ணாடிப் பெட்டி. உள்ளே கரும் வெல்வெட் போன்ற சிறகில் மின்னும் பச்சை முக்கோணங்களோடு ராஜா புரூக் பேர்ட்விங். 1855-இல் சரவாக்கில் கிடைத்ததை வைத்து வாலஸ் பெயரிட்ட அதே இனம். போர்னியோவில் ஒரு துணையினம், மலாய் தீபகற்பத்தில் ஒன்று, சுமத்ராவில் ஒன்று. பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் விலை ஸ்டிக்கர் மட்டும் இருக்கிறது. எந்த ஊர், எந்த மாதம், பண்ணையில் வளர்த்ததா, காட்டில் பிடித்ததா, ஒன்றும் கிடையாது. இன்றைக்கு சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும் பூச்சி இது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. "எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்பார் சித்தி. அழகுதான். ஆனால் வகைப்பாட்டுக்கு அது ஒரு காசு பெறாது.

இனி வீட்டுக் கொல்லைக்கு வருவோம். கறிவேப்பிலைச் செடியில் வரும் கறிவேப்பிலை அழகியைப் பார்த்திருப்பீர்கள். ஆண், கருப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணில் மூன்று வேடம். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியைப் போல. மூன்றாவது, சிவப்பு உடம்புக்காரியான கிரிம்சன் ரோஸைப் போல. ரோஜா அழகியும் கிரிம்சன் ரோஸும் புழுப்பருவத்தில் ஆடுதின்னாப்பாளையும் பெருமருந்துக் கொடியும் தின்று, அதன் நஞ்சை உடம்பில் ஏற்றிக்கொண்டவை. ஆடே தொடாத செடி. குருவி அந்தப் பூச்சியைத் தொடுமா? அந்தப் பயத்தைக் கறிவேப்பிலை அழகி இரவல் வாங்கிக்கொள்கிறது.

லின்னேயஸ் 1758-இல் இந்த ஒரே பூச்சிக்கு பாலிடஸ், பம்மான் என்று இரண்டு பெயர் வைத்தார். டச்சுக்காரர் கிராமர் 1775-இல் மூன்றாவது வேடத்துக்கு ரோமுலஸ் என்று தனிப் பெயரே கொடுத்தார். செத்த பூச்சியைப் பெட்டியில் பார்த்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். இந்த மூன்றையும் ஒரே குடும்பமாகப் பேசியது வாலஸின் அதே கட்டுரை. இந்த வேடம் அத்தனையையும் டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு ஆட்டிவைக்கிறது என்று 2014-இல் கண்டார்கள். சிறகில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஒரே இனம்; சோழவந்தான் ஸ்கிப்பர்களில் சிறகில் வித்தியாசமே தெரியாமல் வேறு வேறு இனம். சிறகை மட்டும் நம்பித் தீவுப் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் இந்த இரண்டு குழிக்கும் நடுவில்தான் நடந்தார்கள்.

நமக்குப் பக்கத்துத் தீவு இலங்கை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் சொச்சம். நடுவில் இருக்கும் கடல் பல இடங்களில் 10 மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. சுமார் 20,000 வருடம் முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இப்போதையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது அங்கே கடலே இல்லை, நடந்தே போகலாம். அப்படியென்றால் இரண்டு பக்கமும் ஒரே பூச்சிகள்தானே இருக்க வேண்டும்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் மலபார் ரோஸ் என்று ஒரு அழகி உண்டு. ஃபிரெடெரிக் மூர் 1881-இல் அதற்கு வைத்த பெயர் பாண்டியானா. மதுரைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், ஆனால் அது மதுரையில் பறப்பதில்லை. இலங்கை ஈரக்காட்டில் அதற்கு ஜோடி, ஜோஃபான் என்ற சிலோன் ரோஸ். லண்டனில் உட்கார்ந்து வேலை பார்த்த மூர், சின்ன வித்தியாசத்துக்கும் புதுப் பெயர் வைக்கிற கட்சி. சிலோன் பூச்சிகளுக்கு அவர் எழுதிய மூன்று பெரிய தொகுதிகளின் படங்களுக்கு மூலம், இலங்கையில் உயிரோடு பார்த்து வரைந்த டி அல்விஸ் சகோதரர்களின் ஓவியங்கள். பின்னால் வந்தவர்கள் சேர்க்கிற கட்சி. பாண்டியானாவை இழுத்து ஜோஃபானுக்குள் துணையினமாகப் போட்டார்கள். இப்போது மறுபடியும் தனி இனம். ஒரு பூச்சி கடலைத் தாண்டாமலே இரண்டு தடவை குடிமாறியிருக்கிறது.

ஜோடிகள் இதோடு நிற்பதில்லை. பேர்ட்விங்கில் நம் மலையில் மைனோஸ், அங்கே டார்சியஸ். காகிதம் மிதப்பது போல் பறக்கும் ட்ரீ நிம்ஃபில் இங்கே மலபாரிகா, அங்கே அயசோனியா. வரியன்களில் இங்கே நீலகிரியென்சிஸ், அங்கே தப்ரோபானா. ஈரக்காட்டுப் பூச்சிகள் எல்லாம் பிரிந்து கிடக்கின்றன. பொட்டல் பக்கம் வாருங்கள். கிரிம்சன் ரோஸ் இரண்டு பக்கமும் ஒன்றே. மூன்றாவது பெயர்கூட இல்லை. கடல் மேல் அது இலங்கைப் பக்கம் பறந்துபோவதற்குப் பதிவுகளே உண்டு. பொரசு மரத்தை, இலங்கையில் முதிரை என்பார்களே, அதை நம்பி வாழும் பேண்டட் பீக்காக்கும் அப்படியே. அழகர்மலையில் நான் பார்ப்பதும் அங்கே வறண்ட காட்டில் அவர்கள் பார்ப்பதும் ஒன்றுதான். நெட்டிலிங்க மரத்து மெனிடீஸும் இரண்டு கரைக்கும் பொது.

இதை ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடல் இவற்றைப் பிரிக்கவில்லை. கடல் பிரித்திருந்தால் கிரிம்சன் ரோஸும் பிரிந்திருக்க வேண்டும். பிரித்தது நாம்தான், அதாவது மதுரையும் சிவகங்கையும் ராமநாதபுரமும். வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் மழைக்கே வானத்தைப் பார்க்கும் இந்தச் சமவெளியை ஒரு ட்ரீ நிம்ஃப் எப்படித் தாண்டும்? கடல் விலகித் தரை தெரிந்த பனியுகத்தில் பருவமழை இன்னும் குறைவு. பாலம் இருந்தது, பாலத்தில் நிழல் இல்லை. ஈரக்காட்டுப் பூச்சிக்குக் கருவேலங்காடும் நெருஞ்சிக்காடும்தான் சமுத்திரம்.

தம்பி இதை அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளவில்லை.

"அப்ப தமிழ் மறவன்ணே? அதுவும் ஈரக்காட்டுப் பூச்சிதானே. ரெண்டு பக்கமும் ஒரே இனம்தானே?"

நியாயமான கேள்வி. 2019-இல் தமிழ்நாடு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் இலங்கையிலும் உண்டு. அங்கே இருப்பதற்கு லங்கா என்று மூன்றாவது பெயர். புளூ மார்மனுக்கும் அப்படித்தான். இலங்கையில் அது பரிண்டா. புளூ மார்மன் நல்ல பறப்பாளி, எலுமிச்சைத் தோட்டம் இருந்தால் ஊருக்குள்ளும் இறங்கும். மறவன் அந்த அளவுக்கு இறங்காது, ஆனால் மலபார் ரோஸைப் போல மழைக்காட்டையே கட்டிக்கொண்டு அழுவதும் இல்லை. எவ்வளவு ஈரம் வேண்டுமோ அவ்வளவு தூரம் பிரிவு என்று ஒரு ஏணி போலத் தெரிகிறது எனக்கு: தனி இனம், துணையினம், வித்தியாசமே இல்லாதது. இந்த நடுப்படிக்குத்தான் மூன்றாவது பெயர் வேண்டும். இப்போது மரபணுவில் 658 எழுத்துள்ள ஒரு துண்டைப் படித்துவிட்டு, வித்தியாசம் இருந்தால் தனி இனம், இல்லாவிட்டால் துணையினம் என்பதே தேவையில்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தத் துண்டு நல்ல சாட்சிதான், ஒரே சாட்சி அல்ல. லங்காவையும் பரிண்டாவையும் அடித்துவிட்டால் ஏணியில் நடுப்படி போய்விடும். பூச்சி பிரிந்துகொண்டிருக்கும் கட்டத்தைக் குறிக்க வேறு சொல் இல்லை.

தம்பி அதோடும் விடவில்லை. "அப்படின்னா நம்ம மலையெல்லாமும் தீவுதானேண்ணே?"

ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். 2023-இல் மேகமலையிலிருந்து சிகாரிடிஸ் மேகமலையென்சிஸ் என்ற சில்வர்லைன் பட்டாம்பூச்சியைப் புது இனமாக எழுதினார்கள். தேனிப் பக்கத்து ஆட்களும் சேர்ந்து தேடி, பார்த்து, எழுதியது. உச்சிமலை மேகக்காட்டுப் பூச்சி. கீழே கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலில் தேடினால் கிடைக்காது. சிறுமலையும் அழகர்மலையும் அவ்வளவு உயரம் இல்லை என்றாலும், சுற்றிலும் பொட்டல், மேலே கொஞ்சம் ஈரம் என்ற கணக்கு இங்கேயும் உண்டு. அதனால் பட்டாம்பூச்சி பார்க்கும் எங்கள் குழுவில் யார் படம் போட்டாலும் தம்பி கேட்பது பூச்சியின் பெயரை அல்ல. எந்த மலை, எந்தச் சரிவு, எத்தனை மீட்டர் உயரம், கீழ்ச்சிறகுப் படம் இருக்கிறதா என்று கேட்கிறார். சிலருக்கு இது தொல்லையாக இருக்கிறது. ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார். மற்றவர்கள் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். போன வாரம் ஒருவர் அழகர்மலை நூபுர கங்கைக்கு மேலே எடுத்த பேண்டட் பீக்காக் படத்தோடு, பக்கத்தில் நின்ற பொரசு மரத்தையும் சேர்த்து எடுத்துப் போட்டிருந்தார்.